கஞ்சிக்கு வந்த ஆள்

பிப்ரவரி 9, வெள்ளி

இன்று அந்தப் புளியந்தோப்பில் இருந்தவர்கள்: காசி யாத்திரை பஸ்ஸை ஏற்பாடு செய்த சிவனணைந்தபெருமாள். அவர் பெண்சாதி ஆவுடையம்மாள். ஆவுடையம்மாளின் தம்பி கொம்பையா. ரிட்டயர் வாத்தியார் சுடலைமுத்து. போட்டோக்கடை பால்துரை. உரக்கடை ஐயம்பெருமாள். டிரைவர் லூர்து. என்னோடு சமையலுக்கு வரும் என் தங்கை தங்கபுஷ்பம். பூலம்மாளாகிய நான். அப்புறம் கஞ்சிக்கு வந்த ஆள், அவர் பேர் தெரியாது. பஸ்ஸில் வந்த மற்ற இருபத்தெட்டுப் பேரும் பம்புசெட்டில் குளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் எவராவது பார்த்தேன் என்று சொன்னால் அது பொய்.

சாமான் சிட்டை எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். பஸ் குதித்துக்கொண்டு ஓடுகிறது. “என்ன எழுதுதிய ஆச்சி?” என்று வாத்தியார் எட்டிப் பார்த்தார். “நாளைக்கு என்ன காய் வாங்கணும்னு எழுதுதேன்” என்றேன்.

காலையில் கர்நூல் தாண்டி இரண்டு மணி நேரம் வந்து தோப்பில் நிறுத்தினோம். தண்ணீர் நல்ல தண்ணீர். பருப்பு சீக்கிரம் வெந்தது. முதல் உலைச் சோற்றை வடித்தபோது அந்த ஆள் வாளியோடு வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். வடித்த கஞ்சியைக் காட்டினார், தூரத்தில் கட்டியிருந்த எருமையைக் காட்டினார். வாளி நிறைய ஊற்றிக் கொடுத்தேன். கும்பிட்டுவிட்டுப் போனார். இரண்டாவது உலை கொதிக்கும்போது மறுபடி வந்தார். ஒரு கையில் வாளி, இன்னொரு கையில் துண்டில் கட்டிய ஏதோ ஒன்று.

அந்த நேரம் பார்த்து ஆவுடையம்மாள் ஈரத்தலையோடு வந்து தங்கபுஷ்பத்திடம் செயினைக் கேட்டாள். குளிக்கப் போகும்போது பொம்பளைகள் நகைகளைக் கழற்றி ஒரே துணியில் முடிந்து எங்களிடம்தான் தருவார்கள். நாங்கள் அதைப் புளி டப்பாவுக்குள் அமுக்கி வைப்போம். எந்தத் திருடனும் புளிக்குள் கையை விட மாட்டான். பத்தொன்பது வருஷமாக எங்கள் வழக்கம் அது.

தங்கபுஷ்பம் டப்பாவைத் திறந்தாள். “காணோமே! நகைக்கட்டக் காணோமே!” என்று கத்தினாள்.

கொம்பையா திரும்பிப் பார்த்தான். “ஏல, அந்தா நிக்கான் பாரு, அவன் கைல என்னல?”

அந்த ஆளுக்குப் பாஷை புரியவில்லை. கொம்பையா துண்டுக்கட்டைப் பிடித்து இழுக்க, அவர் சிரித்துக்கொண்டே பின்னால் இழுத்தார். அந்தச் சிரிப்புத்தான் முதல் அடியை வாங்கித் தந்தது. கட்டு அவிழ்ந்து கத்திரிக்காய் உருண்டது. பிஞ்சுக் கத்திரிக்காய், அப்போதுதான் பறித்தது. கத்திரிக்காய் உருண்ட பிறகும் அடித்தார்கள். “கூட்டாளிட்ட கை மாத்திட்டான், அடிச்சாத்தான் சொல்லுவான்” என்றார் வாத்தியார். அவர் செருப்பால் அடித்தார். ஐயம்பெருமாள் காய்ந்த புளியங்கொப்பால் அடித்தான். சிவனணைந்தபெருமாள் விலாவில் மிதித்தார், எட்டுத் தடவை. பால்துரை என் சட்டுவத்தை, நான் சோறு கிண்டுகிற இரும்புச் சட்டுவத்தை, அண்டாவிலிருந்து உருவிக்கொண்டு போனான். கொம்பையா ஜாக்கி லிவரை எடுத்தான்.

லூர்து ஓடிவந்து அந்த ஆள்மேல் கவிழ்ந்து படுத்தான். “செத்துருவான் அண்ணாச்சி, விடுங்க” என்றான். லிவர் அவன் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவனை இழுத்துத் தள்ளிவிட்டு மறுபடி அடித்தார்கள்.

அவ்வளவும் நடந்து முடிய ஒரு உலை கொதித்துச் சோறு வேகிற நேரம். நான் அடுப்பில் நின்றேன். பெரிய பர்னரின் இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு அந்த ஆள் அசையவில்லை. குளிக்கப் போனவர்களை ஹாரன் அடித்துக் கூப்பிட்டு ஏற்றினார்கள். கொதிக்கிற அண்டாவை அப்படியே தூக்கி வைத்தோம். சோறு குழைந்துவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

நகைக்கட்டு கிடைத்துவிட்டது.

பிப்ரவரி 10, சனி

கட்டு துவரம்பருப்பு டிரம்மில் இருந்தது. நான்தான் எடுத்து ஆவுடையம்மாள் மடியில் போட்டேன். நேற்றே அதை எழுதியிருக்க வேண்டும்.

இடம் மாற்றியதும் நான்தான். காரணம் உண்டு. செவ்வாய்க்கிழமை திருப்பதியில் சாம்பாரில் உப்புக் கூடிப் போனது. தங்கபுஷ்பம் பந்தியில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “யக்காவுக்கு மறதி வந்துட்டு. ரெண்டு தடவ உப்புப் போட்டுட்டா.” முதல் உப்பு நான் போட்டது. இரண்டாவது உப்பு அவள் போட்டது, பரங்கிக்காய் வெந்து கொண்டிருந்தபோது, இடது கையால். எனக்கா மறதி? என் வீட்டுக்காரர் அடித்த ஒவ்வொரு அடிக்கும் நாள் சொல்வேன், எதால் அடித்தார் என்று சொல்வேன். அவர் செத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, ஒன்றையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து அவளோடு பேச்சை நிறுத்தினேன். அடுத்த நாள் அவள் பேச்சுவாக்கில் ஆவுடையம்மாளிடம் நகை புளி டப்பாவில்தான் இருக்கும் என்று உளறினாள். அதனால் நேற்று வாங்கியதும் கட்டைப் பருப்புக்குள் வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. பேசாதவளிடம் எப்படிச் சொல்வது?

இன்று மத்தியானம் ஒரு மண்டபத்தருகே நிறுத்தி, பஸ் படிக்கட்டில் சூடம் கொளுத்தினார் சிவனணைந்தபெருமாள். “நம்ம குலசாமி மேல சத்தியம். அங்க நாம நிக்கவே இல்ல, யாரையும் பாக்கவே இல்ல. வந்து அணைங்க.” ஒவ்வொருவராக உள்ளங்கையால் சூடத்தை அணைத்தார்கள். பார்க்காதவர்களும் அணைத்தார்கள். தங்கபுஷ்பம் அணைத்தாள். லூர்து உடைந்த கையைத் துண்டில் தொங்கவிட்டு நின்றான். “நான் வேதக்காரன், எனக்குச் சூடம் கிடையாது” என்றான். கொம்பையா அவன் கன்னத்தில் அறைந்தான். “அப்ப உங்க சாமி மேல சொல்லுல.” லூர்து வாயைத் திறக்கவில்லை.

என்னை யாரும் கூப்பிடவில்லை. சமையல்காரி எதற்குச் சத்தியம் செய்ய வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

நேற்று ஆவுடையம்மாள் கட்டை அவிழ்த்துச் செயினை எடுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள்: “நல்ல வேள, கெடச்சிட்டு.”

பிப்ரவரி 11, ஞாயிறு

சட்டுவத்தைப் புளியும் சாம்பலும் போட்டு மூன்று தடவை தேய்த்தேன். பொங்கல் கிண்ட வேறு சட்டுவம் இல்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

காசி. இதோடு பத்தொன்பதாவது தடவை. கங்கையில் முங்கியது மூன்று தடவைதான். மற்ற தடவைகளில் சத்திரத்துப் பின்கட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். இந்த தேசத்தை எனக்குக் கோபுரத்தை வைத்துத் தெரியாது, தண்ணீரை வைத்துத்தான் தெரியும். எங்கே பருப்பு வேகும், எங்கே வேகாது, எந்த பெட்ரோல் பங்க்கில் அடுப்பு மூட்ட விடுவார்கள், எங்கே நாய் அதிகம். மற்றவர்கள் போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை.

அடித்த ஐந்து பேரும் ஆற்றில் இறங்கி முங்கினார்கள். கொம்பையா ஒன்பது முங்கு. கரையேறி வந்து, “ஆச்சி, பசி காதடைக்கு” என்றான். இட்லி வைத்தேன். பன்னிரண்டு தின்றான்.

லூர்து நான்கு நாளாக என் சோற்றைத் தொடவில்லை. வாழைப்பழமும் டீயும்தான். மாவுக்கட்டுப் போட்ட கையோடு ஸ்டியரிங் பிடிக்கிறான். பின்கட்டுக்கு வந்து என் பக்கத்தில் குத்தவைத்தான்.

“பெரியம்மா, கட்டு டிரம்முலதான் இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்லா?”

“ஸ்டவ்வு சத்தத்துல ஒண்ணும் கேக்கல ஐயா.”

“நீங்க இருந்த எடத்துக்கும் புளி டப்பாவுக்கும் பத்தடி.”

“நான் சோத்தப் பாத்துக்கிட்டு நின்னேன்.”

அவன் என்னையே பார்த்தான். பிறகு எழுந்து போய்விட்டான். நான் இரண்டு தேங்காய் துருவினேன். மூன்று தேங்காய் வேண்டும், இரண்டுதான் துருவியிருக்கிறேன் என்று பிறகுதான் கவனித்தேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

ஊர் வந்து சேர்ந்தோம். திரும்பும்போது வேறு வழியாக வந்தோம். தங்கபுஷ்பம் தெருமுனையில் இறங்கிக்கொண்டாள். பதினான்கு நாள் ஒரே அடுப்பில் நின்றோம். ஒரு வார்த்தை இல்லை. உப்பு வேண்டுமென்றால் டப்பாவைத் தள்ளுவாள், நான் எடுத்துக்கொள்வேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

வேறொரு கோஷ்டியோடு ராமேஸ்வரம் போய்வந்தேன். ஒரே நாள். புளியோதரை, தயிர்ச்சோறு, வாழைக்காய் வறுவல். பாம்பன் பக்கத்தில் ஒரு கிழவி வந்து வடித்த கஞ்சி கேட்டாள். பானையோடு கொடுத்துவிட்டேன். பானையைத் திருப்பி வாங்கவில்லை. கோஷ்டித் தலைவர் ஏசினார்.

மார்ச் 6, புதன்

தெலுங்குப் போலீஸ் மூன்று பேர் நம்மூர் போலீஸோடு வந்தார்கள். பெட்ரோல் பங்க் கேமராவில் பஸ் நம்பர் விழுந்திருக்கிறது. முதலில் சிவனணைந்தபெருமாள் வீட்டுக்குப் போனார்கள். ஒரு மணி நேரத்தில் லூர்து வீட்டு வாசலில் நின்றார்கள். உடைந்த கையோடே கூட்டிப் போய்விட்டார்கள்.

கடைத்தெருவில் விவரம் கிடைத்தது. ஐந்து பேரும் ஒரே மாதிரி சொல்லியிருக்கிறார்கள். டிரைவர் குடித்திருந்தான், அந்த ஆளோடு சண்டை போட்டான், கையும் அதில்தான் உடைந்தது, நாங்கள் விலக்கிவிட்டோம். வாத்தியார் அதை அழகான கையெழுத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆவுடையம்மாள் போட்டாள். தங்கபுஷ்பம் கைநாட்டு வைத்தாள். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

மாலை வாத்தியார் என் வீட்டுக்கும் காகிதத்தோடு வந்தார்.

“ஒரு ஒப்புக்குத்தான் ஆச்சி. அடுத்த காசி டிரிப்புக்கும் நீங்கதான் சமையல்னு அண்ணாச்சி சொல்லச் சொன்னாரு.”

“படிச்சுக் காட்டுங்க.”

படித்தார். கேட்டேன். “லூர்து குடிக்க மாட்டானே” என்றேன்.

“அது எல்லாருக்கும் தெரியும். அதுக்கென்ன? நம்ம ஆளுவளக் காப்பாத்தணும்லா? அவன் என்ன நம்ம ஊரா, நம்ம சாமியா?”

“கண்ணாடி ஒடஞ்சு போச்சு. எழுத்து தெரியல. நாளைக்கு வாங்க.”

கண்ணாடி என் மூக்கில்தான் இருந்தது. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

மார்ச் 8, வெள்ளி

லூர்து பெண்சாதி ஜெபமணி வந்தாள். உட்காரவில்லை. “கொலக் கேசு போட்டுட்டாவ பெரியம்மா. எங்க வீட்டுக்காரவுங்க மட்டுந்தான் அன்னைக்குத் தடுத்தாவளாம். சோத்துக்காரப் பெரியம்மாவுக்குத் தெரியும், அவங்க எதையும் மறக்க மாட்டாவன்னு சொல்லிவுட்டாவ.”

அவள் என் காலைப் பிடிக்கவில்லை, அழவில்லை. வாசலில் கிடந்த என் செருப்பை நேராக எடுத்து வைத்துவிட்டுப் போனாள். அழுதிருந்தால் ஏசியாவது அனுப்பியிருப்பேன்.

மார்ச் 10, ஞாயிறு

உண்மையை எழுதுகிறேன். எனக்குக் கேட்டது. ‘காணோமே’ என்று அவள் கத்தியது கேட்டது. கேட்டதும் மனதுக்குள் நினைத்தேன்: தேடட்டும், கொஞ்சம் வேர்க்கட்டும். பந்தியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள் அல்லவா, இப்போது ஆவுடையம்மாளிடம் அவள் வாங்கட்டும். நான் சொல்லியிருந்தால், கிழவி எங்கேயோ வைத்துவிட்டு மறந்து போனாள் என்றுதானே சொல்வார்கள். அந்த நினைப்பிலேயே நின்றேன். முதல் அடி விழுந்தபோதும் நின்றேன். அதற்குப் பிறகு சொன்னால் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று நின்றேன். அப்படியே நின்றேன்.

இதை எழுதி மை காயவில்லை, தங்கபுஷ்பம் வந்தாள். கையில் முருங்கைக்கீரை. நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன்.

“யக்கா.”

நான் திரும்பவில்லை.

“நீ கட்டப் பருப்புக்குள்ள வச்சத நான் அன்னைக்கே பாத்தேங்க்கா.”

தோசை கருகியது. ஒரு மாதத்துக்குப் பிறகு அவளோடு பேசிய முதல் வார்த்தை இதுதான்: “பாத்துட்டு ஏன்ட்டி கத்துன?”

“நீ பேசணும்னுதான். மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரிஞ்ச. நான் கத்துனா, ‘இந்தா இருக்குட்டி மூதேவி’ன்னு ஒரு வார்த்த வைவன்னு நெனச்சேன். வஞ்சா நான் சிரிப்பேன், நீயும் சிரிப்ப, சரியாப் போயிரும்னு நெனச்சேன். வேற ஒண்ணும் இல்லக்கா.”

“அந்த ஆள அடிக்கும்போது நீ வாயத் தொறக்க வேண்டியதுதான?”

“நீ தொறப்ப, நீ தொறப்பன்னு ஒன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன். நீ ஏன் தொறக்கல?”

கையில் சூடான தோசைக்கரண்டி இருந்தது. அடித்தேன். முதல் அடி தோளில். இரண்டாவது காதோரம். மூன்றாவது புருவத்தில், தோல் பிளந்து ரத்தம் கொட்டியது. அவள் கையைத் தூக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், தோப்பில் நின்ற மாதிரி. நான்காவதாக ஓங்கிய கை அப்படியே நின்றது. சேலைத் தலைப்பைப் புருவத்தில் அழுத்திக்கொண்டு போய்விட்டாள்.

தரையைக் கழுவினேன். கீரையை உருவி வைத்தேன். சமைக்கவில்லை.

மார்ச் 11, திங்கள்

மகள் வயிற்றுப் பேத்தி சுகந்தியைச் செல்லில் கூப்பிட்டு, லூர்துவை வைத்திருக்கிற தெலுங்கு ஊருக்கு ரயில் டிக்கெட் போடச் சொன்னேன். “எதுக்கு ஆச்சி அங்க? சமையலா?” என்றாள். “ஆமா” என்றேன்.

இத்தனை வருஷம் ஊர் ஊராகப் போய்வந்துவிட்டேன். அண்டா இல்லாமல் இதுதான் முதல் பயணம். ஜெபமணி கூட வருகிறாள்.

மார்ச் 14, வியாழன்

அந்த ஊரில் மெஸ் வைத்திருக்கும் மேலூர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டு வந்தார்கள், நான் சொல்வதைத் தெலுங்கில் சொல்ல. இன்ஸ்பெக்டர் நாற்காலி கொடுத்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

யார் யார் இருந்தார்கள், யார் எங்கே நின்றார்கள், யார் கையில் என்ன, எத்தனை அடி, எங்கே விழுந்தது. கொம்பையா லிவரால் ஆறு, அதில் ஒன்று லூர்து கையில், ஒன்று பின்மண்டையில். அந்தப் பின்மண்டை அடிக்குப் பிறகுதான் அந்த ஆளின் கால் உதறி நின்றது. பால்துரை சட்டுவத்தால் நான்கு. எல்லாவற்றையும் சொன்னேன். நகைக்கட்டை நான் மாற்றி வைத்ததைச் சொன்னேன். கேட்டும் பேசாமல் நின்றதைச் சொன்னேன். தங்கபுஷ்பம் தெரிந்தே கத்தியதையும் சொன்னேன். மேலூர்க்காரர் நடுவில் ஒருமுறை தெலுங்கில் சொல்வதை நிறுத்திவிட்டு என்னை வெறித்துப் பார்த்தார். “சொல்லுங்க” என்றேன். சொன்னார்.

எழுதுகிறவர் இரண்டு தடவை பேனா மாற்றினார்.

அந்த ஆளின் பேர் எல்லய்யா. பெண்சாதி வந்திருந்தாள், மூலையில் பெஞ்சில் இருந்தாள். அவள் ஒன்று கேட்டாள். மேலூர்க்காரர் மெதுவாகச் சொன்னார்: “கடைசியில அவரு ஏதாச்சும் பேசுனாரான்னு கேக்குறாங்கம்மா.”

பேசினார். என்னைப் பார்த்துத்தான் பேசினார். அந்த வார்த்தைகளை ஒரு மாதமாக நாக்குக்கு அடியில் வைத்திருந்தேன். அப்படியே சொன்னேன்:

“கஞ்சி கோசம் ஒச்சின அம்மா. நுவ்வு செப்பம்மா. நுவ்வு செப்பு.”

மேலூர்க்காரர் தமிழில் சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். பத்தொன்பது வருஷம் அந்தச் சீமை வழியாகப் போய்க் காய் வாங்கியவள் நான். கஞ்சிக்குத்தான் வந்தேன், நீ சொல்லம்மா என்பது அப்போதே எனக்குப் புரிந்தது.

அவள் எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். கன்னத்தில் ஒரு அறை விட்டாள். கண்ணாடி கீழே விழுந்தது, இந்தத் தடவை நிஜமாகவே உடைந்தது. போலீஸ்காரி ஓடிவந்தாள். “விடுங்க, விடுங்க” என்றேன். இரண்டாவது அறைக்கும் நின்றேன். அவள் அடிக்கவில்லை.

மார்ச் 15, வெள்ளி

கண்ணாடி இல்லாமல் எழுதுகிறேன், எழுத்து கோணும். ஐந்து பேரையும் பிடித்துவர வண்டி போய்விட்டது. லூர்துவைச் சாட்சியாக மாற்றி, ஜட்ஜ் முன்னால் நிறுத்தி, இன்று விட்டுவிட்டார்கள். கூப்பிடும்போதெல்லாம் நான் வர வேண்டும் என்றார்கள், என் மேலும் கேஸ் இருக்கலாம் என்றார்கள். வருகிறேன் என்றேன். வழி தெரிந்த ஊர்தான்.

ரயிலில் லூர்து எதிரே இருக்கிறான். மணிக்கட்டு கோணலாகக் கூடியிருக்கிறது, இனி பெரிய வண்டி ஓட்ட முடியாதாம். ஜெபமணி வாங்கிய இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் நீட்டினான்.

“தின்னுங்க பெரியம்மா. சொல்ல வேண்டியதச் சொல்லியாச்சு. இனி யாரையும் மனசுல வைக்காதீங்க.”

யோசித்துப் பார்த்தேன். சிவனணைந்தபெருமாள், கொம்பையா, வாத்தியார், பால்துரை, ஐயம்பெருமாள். அவர்களுக்குக் கோர்ட் இருக்கிறது, நான் சுமக்க வேண்டியதில்லை. ஆவுடையம்மாளுக்குச் செயின் இருக்கிறது, அதோடு அவள் கிடக்கட்டும். என்னை அறைந்தவளுக்கு நான்தான் கடன்பட்டவள். என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, சொல்ல வேண்டியதை ஸ்டேஷனில் சொல்லிவிட்டேன்.

ஒருத்தியை மட்டும் விட முடியவில்லை. ஐம்பத்தெட்டு வருஷம் என்னோடு ஒரே பாயில் படுத்து, ஒரே அடுப்பில் நின்று, என் வீம்பு எப்படிப்பட்டது என்று அணு அணுவாகத் தெரிந்தவள். அத்தனையும் தெரிந்திருந்தும், ஒரு மனுஷன் உயிர் போகிற நேரத்திலாவது நான் வாயைத் திறந்துவிடுவேன் என்று என்னை நம்பிக்கொண்டு நின்றாளே, அவளை நான் மன்னிக்க மாட்டேன்.

தங்கபுஷ்பம்.